ஏழு அறங்கள் எந்தச் சுவடியில் இருக்கின்றன? சாமுராய் நெறி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

ஜப்பானியப் போர்வீரர் வகுப்பான சாமுராய்களின் புஷிடோ சட்டத்தில் ஏழு விதிகள் உண்டாமே, அதன் மூலநூல் எது, மீறிய சாமுராய்க்கு என்ன தண்டனை என்று கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் ஜென் பௌத்தத்திலிருந்து வந்ததுதானே என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது: எல்லாச் சாமுராய்களுக்கும் பொதுவாக, எழுதி வைத்த, மீறினால் தண்டிக்கக்கூடிய ஒரே நெறி இருந்தது என்பது. அப்படி ஒரு நூல் இல்லை. சாமுராய்களைக் கட்டிப்போட்ட சட்டங்கள் இருந்தன. சாமுராய் எப்படி வாழவேண்டும் என்று சொன்ன அறிவுரைகளும் ஏராளமாக இருந்தன. சட்டங்கள் அறத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அறிவுரைகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது ஐயமில்லாமல் தெரிந்த விஷயம். நேர்மை, துணிவு, இரக்கம், மரியாதை, வாய்மை, மானம், விசுவாசம் என்று படங்களிலும் சட்டைகளிலும் அச்சாகும் பட்டியல், நிதோபே இனாசோ 1900-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'புஷிடோ: ஜப்பானின் ஆன்மா' என்ற நூலின் மூன்றாம் அத்தியாயம் முதல் ஒன்பதாம் அத்தியாயம் வரையிலான தலைப்புகள். நூலில் மொத்தம் 17 அத்தியாயங்கள். பின்னால் வந்தவர்கள் நடுவிலிருந்து ஏழை மட்டும் உருவி எடுத்து 'விதிகள்' ஆக்கிவிட்டார்கள். நிதோபே அதை எழுதியது ஆங்கிலத்தில். ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1908-இல்தான் வந்தது. அவர் மொரியோகா நாட்டுச் சாமுராய் வீட்டுப் பிள்ளை (நாடு என்று இங்கே சொல்வது அன்றைய ஜப்பானுக்குள் தனித்தனித் தலைவர்கள் ஆண்ட பகுதியை). ஆனால் பிறந்தது 1862-இல். ஷோகுன் எனும் படைத்தலைவரின் ஆட்சி கவிழ்ந்தபோது ஐந்தாறு வயது. வளர்ந்து வேளாண் பொருளாதாரம் படித்தார், கிறிஸ்தவத்தில் குவேக்கர் பிரிவைத் தழுவினார், அமெரிக்கப் பெண்ணை மணந்தார். பள்ளியில் மதபோதனை இல்லையென்றால் உங்கள் நாட்டில் ஒழுக்கத்தை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜிய அறிஞர் ஒருவர் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதுதான் நூலுக்கு வித்து என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். ஆக, அது வெளிநாட்டாருக்குத் தன் நாட்டை விளக்க ஒரு படித்த கிறிஸ்தவர் எழுதிய நூல்; ஐரோப்பிய வீரமரபோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் செல்வது. நல்ல உரைநடை. ஆனால் மூலச்சான்று அல்ல.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் புஷிடோவே கட்டுக்கதை' என்று மறுகோடிக்குத் தாவவும் கூடாது. ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்த பேசில் ஹால் சேம்பர்லைன் 1912-இல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். 1900-க்கு முன் அந்தச் சொல்லையே யாரும் அறியவில்லை என்ற அளவுக்குப் போனார். அது தவறு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான, தக்கேதா குலத்தின் போர்முறைகளைச் சொல்லும் 'கோயோ குன்கான்' என்ற தொகுப்பில் புஷிடோ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அதைத் தொகுத்தவர் யார், எவ்வளவு நம்பலாம் என்பதில் நீண்டகால வழக்கு உண்டு. ஆனால் சொல் அங்கே இருக்கிறது என்பதில் வழக்கில்லை. பொருள்தான் வேறு. அங்கே புஷிடோ என்றால் போர்க்களத்தில் பெயரெடுக்கும் திறமை, ஆண்மை, பின்வாங்காமை. இரக்கமும் மரியாதையும் அந்தப் பொருளின் மையத்தில் இல்லை.

போர்க்காலச் சாமுராய் எப்படி நினைத்தான் என்று பார்த்தால் இது புரியும். தலைவன் நிலம் கொடுப்பான், வீரன் உழைப்பும் உயிரும் கொடுப்பான். முன்னதற்கு 'கோவோன்', பின்னதற்கு 'ஹோகோ' என்று பெயர். நம் மொழியில் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் இருப்பதால் தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ஒரு வேறுபாடு மட்டும்: சோறு நின்றால் கடனும் தீர்ந்தது என்று நினைத்தவர்கள் அங்கே ஏராளம். தோதோ தக்காதோரா ஒருவர் பின் ஒருவராகப் பல தலைவர்களிடம் பணி செய்து, கடைசியில், பின்னாளில் ஷோகுன் ஆன தொக்குகாவா இயேயாசுவின் நம்பிக்கைக்குரியவராகி, பெரிய நாட்டை ஆளும் டைம்யோ ஆனார். அக்கேச்சி மித்சுஹிதே 1582-இல் தன் தலைவன் ஓதா நொபுநாகாவையே ஹொன்னோஜி கோயிலில் வளைத்தார். 1600-இல் இயேயாசு வென்ற செக்கிகஹாராப் போரின் முடிவைத் திருப்பியது கொபாயாக்காவா ஹிதேயாக்கி களத்தின் நடுவில் கட்சி மாறியது. தக்கேதா குலம் அழிந்ததும் அதன் வீரர்களில் பலரை இயேயாசு தன் படையில் சேர்த்துக்கொண்டார். தோற்றவன் வென்றவனிடம் சேர்வதை யாரும் உலக அதிசயமாகப் பார்க்கவில்லை. அசாகுரா சோதெக்கி என்ற படைத்தலைவர் பெயரில் வழங்கும் வாக்கு இன்னும் பச்சையானது: வீரனை நாய் என்று சொல்லட்டும், மிருகம் என்று சொல்லட்டும், வெல்வதே முக்கியம்.

அந்தக் காலத்துக் குலத் தலைவர்கள் தங்கள் ஆட்களுக்கு எழுதிவைத்த வீட்டு விதிகளைப் படித்தால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஹோஜோ சோவுன் பெயரில் உள்ள 21 விதிகள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் சொல்லும் புத்திமதிதான். விடியுமுன் எழு. இரவு எட்டு மணிக்குள் படு, நள்ளிரவுக்கு மேல்தான் திருடன் வருவான். மாலை ஆறுக்கு வாசற்கதவைச் சாத்து. அடுப்பங்கரையில் நெருப்பு அணைந்ததா என்று நீயே போய்ப் பார். அடுத்தவன் அளவுக்கு வாளும் உடையும் பகட்டாக இருக்கவேண்டும் என்று அலையாதே. மடியில் ஒரு புத்தகம் வைத்திருந்து ஆள் இல்லாத நேரத்தில் படி. மேலோர் கீழோர் யாரிடமும் அரைச்சொல் பொய்யும் சொல்லாதே. கத்தோ கியோமாசாவின் ஏழு விதிகள் கடுமையானவை. விடியற்காலை எழுந்து வாள் பழகு, தீட்டாத அரிசிச் சோறு தின்னு என்று தொடங்கி, நடனம் பழகுகிறவன் வயிற்றைக் கிழித்துச் சாகவேண்டும் என்று போகிறது. ஏழு விதிகள் என்று கேட்டீர்களே, உண்மையிலேயே ஏழு இருப்பது இங்கேதான். ஆனால் இது ஒரு குலத்தலைவர் தன் ஆட்களுக்குப் போட்டது. பக்கத்து நாட்டுச் சாமுராய் தாராளமாக நோ நாடகம் ஆடிக்கொண்டிருந்தான்.

1615-இல் ஒசாகாக் கோட்டை விழுந்து உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அதே ஆண்டில் தொக்குகாவா அரசு டைம்யோக்களுக்கு 'புக்கே ஷொஹத்தோ' என்ற 13 பிரிவுச் சட்டத்தைப் போட்டது. உங்கள் தண்டனைக் கேள்விக்கான நேரடிப் பதில் இங்கே இருக்கிறது. சட்டத்தின் கவலை எல்லாம் கலகம்: அனுமதியில்லாமல் கோட்டையைப் பழுதுபார்க்காதே, அனுமதியில்லாமல் திருமணச் சம்பந்தம் செய்யாதே, குற்றவாளிக்கு இடம் கொடுக்காதே. 1619-இல் ஃபுக்குஷிமா மசாநோரி வெள்ளத்தில் சேதமான ஹிரோஷிமாக் கோட்டையை உரிய அனுமதி இல்லாமல் பழுதுபார்த்தார். செக்கிகஹாராவில் இயேயாசுவுக்காக முன்னணியில் நின்றவர் அவர். ஏறத்தாழ 5 லட்சம் கோகு நாடு பறிபோய் 45,000 கோகு நிலத்தோடு ஒதுக்கப்பட்டார். ஒரு கோகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி, எடையில் சுமார் 150 கிலோ. ஒருவருக்கு ஓராண்டுச் சாப்பாடு என்பது கணக்கு. இரக்கம் இல்லை, வாய்மை தவறினார் என்றெல்லாம் யாரும் நாட்டைப் பறிக்கவில்லை. பறித்தது சுவர் கட்டியதற்கு.

இந்தச் சட்டத்தின் முதல் பிரிவு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. 1615-இல் அது கல்வியும் படைக்கலமும், வில்லும் குதிரையும் பயில்க என்றது. 1683-இல் ஷோகுன் த்சுனயோஷி திருத்தியபோது வில்லும் குதிரையும் போய், தலைவனுக்கு விசுவாசமும் பெற்றோருக்குப் பணிவும் அந்த இடத்தில் அமர்ந்தன; கூடவே மரியாதை முறைகளைச் சீராகக் காக்க என்று சேர்ந்தது. போர்வீரனை அதிகாரியாக மாற்றிய நூற்றாண்டின் கதை இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. நெறி பற்றிய நூல்கள் பெருகியதும் இந்த மாற்றத்தின்போதுதான், போர் இல்லாத காலத்தில். இதுதான் என் பதிலின் நடுத்தண்டு. சண்டை நடக்கும்போது சாமுராய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சண்டை நின்றபின், குடும்பத்தோடு சேர்த்து மக்கள்தொகையில் 5 முதல் 7 விழுக்காடு இருந்த ஒரு கூட்டம், உழாமல் விதைக்காமல் அரிசிச் சம்பளம் வாங்குவதற்கு நியாயம் தேவைப்பட்டது.

அந்தக் கேள்வியை ஒளிக்காமல் கேட்டவர் யமாகா சோக்கோ (1622–1685). உழவன் உழுகிறான், கைவினைஞன் செய்கிறான், வணிகன் விற்கிறான், ஒன்றும் செய்யாமல் தின்னும் சாமுராயின் வேலை என்ன? அவர் சொன்ன பதில் முழுக்கக் கன்பூசியப் பதில்: மற்ற மூன்று வகுப்பாருக்கும் அறத்தை ஆராய நேரமில்லை; அதற்கான ஓய்வு பெற்றவன் சாமுராய்; ஆகவே அவன் அறத்தைத் தன்மேல் நடத்திக்காட்டி, தவறுவோரைத் திருத்தவேண்டும். அவர் இதற்கு வைத்த பெயர் 'ஷிதோ', அதாவது சான்றோன் வழி. ஜப்பானியச் சிந்தனையில் சாமுராய் நெறிக்கு இடம் எது என்று ஒரே இடத்தைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். வேடிக்கை என்னவென்றால், அரசு ஆதரித்த கன்பூசிய மரபை விமர்சித்ததற்காக 1666-இல் அவரையே அரசு தலைநகரிலிருந்து விலக்கி அக்கோ நாட்டுக்கு அனுப்பியது. இந்த வாதத்தின் எதிரொலி வணிகர் பக்கத்திலும் கேட்டது. இஷிதா பைகான் (1685–1744) வணிகனின் இலாபம் சாமுராயின் சம்பளத்துக்குச் சமம் என்றார். கடைக்காரனுக்கும் ஒரு 'வழி' உண்டு என்று கியோட்டோவில் வகுப்பு நடத்தினார். சாமுராய்க்கு எழுதிய நியாயத்தை அவர் கல்லாப்பெட்டிக்கும் நீட்டினார் என்று சொல்லலாம்.

அடுத்தது எல்லோரும் மேற்கோள் காட்டும் 'ஹகாகுரே'. சாமுராயின் வழி சாவில்தான் இருக்கிறது என்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. சொன்னவர் யமமோத்தோ த்சுனேதோமோ, சாகா நாட்டுச் சாமுராய். 1710 முதல் 1716 வரை அவர் பேசப் பேச இளையவர் ஒருவர் எழுதிக்கொண்டார். 11 பாகங்கள், ஏறத்தாழ 1,300 துணுக்குகள். த்சுனேதோமோ ஒரு போரையும் பார்த்ததில்லை. எழுத்து வேலை பார்த்தவர். தன் தலைவருக்குச் செய்த கடைசிப் பெரிய சேவை, கவிதைக் கலையின் இரகசியப் பாடம் ஒன்றைக் கியோட்டோவிலிருந்து தேடி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. 1700-இல் தலைவர் இறந்தபோது கூடவே உயிர்விட விரும்பினார். அதற்கும் வழியில்லை. சாகா நாடு 1661-இலும் மத்திய அரசு 1663-இலும் தலைவனோடு உடன்சாவதைத் தடைசெய்துவிட்டன. தடை வெறும் காகிதமல்ல: 1668-இல் உத்சுநோமியாவில் ஒரு சாமுராய் தலைவனைத் தொடர்ந்து உயிர்விட்டதற்காக அவர் பிள்ளைகளைக் கொன்றார்கள், அந்தக் குலத்தின் நிலத்தில் 20,000 கோகுவைக் குறைத்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். விசுவாசத்தின் உச்சமாக இன்று நாம் படிப்பதை அன்றைய அரசு குற்றமாகத் தண்டித்தது. எனவே த்சுனேதோமோ தலையை மழித்துத் துறவியானார். அவருடைய சாவு வாக்கியத்தை இந்தப் பின்னணியோடு படியுங்கள். அந்தப் பத்தியின் முடிவையும் விடாதீர்கள்: தினமும் மனத்தளவில் செத்துவிட்டவன் வாழ்நாள் முழுதும் பிழையில்லாமல் தன் குலத்தொழிலைச் செய்து முடிப்பான் என்கிறது. அது தற்கொலைக்கான அழைப்பு அல்ல. அலுவலக வாழ்க்கைக்கான மனப்பயிற்சி. நூல் சாகாவுக்குள்ளேயே கைப்பிரதியாகச் சுற்றியது. நாடு முழுக்க அதைப் பின்பற்றியது என்பது நடக்கவே முடியாத காரியம்.

இதற்கு நேர் எதிரே நிற்பவர் மியாமோத்தோ முசாஷி. அவர் 1645-இல் முடித்த வாட்கலை நூலில், சாவுக்குத் தயாராக இருப்பது சாமுராய்க்கு மட்டும் உரிய பெருமையல்ல, துறவியும் பெண்ணும் குடியானவனும்கூடக் கடமைக்காகவும் மானத்துக்காகவும் சாகத்தான் செய்கிறார்கள் என்கிறார். சாமுராயின் வேலை எதிலும் பிறரை வெல்வது. இவர் நிஜமாகவே வாளெடுத்து மோதியவர் என்பதைக் கவனியுங்கள்.

இவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்பதற்கு அக்கோ வழக்கைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1701-இல் ஷோகுனின் தலைநகரான எதோவின் (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அக்கோவின் டைம்யோ அசானோ நகாநோரி, கீரா என்ற சடங்கு அதிகாரியை வாளால் தாக்கினார். அன்றைக்கே அவருக்கு வயிற்றைக் கிழித்துச் சாகும் 'செப்புக்கு' தண்டனை, கீராவுக்கு ஒன்றுமில்லை. அசானோவின் சுமார் 300 ஆட்களில் 47 பேர் காத்திருந்து, 1703 ஜனவரி இறுதியில் கீராவின் வீட்டில் புகுந்து அவர் தலையை எடுத்து செங்ககுஜி கோயிலில் தலைவர் கல்லறையில் வைத்தார்கள். இதில் எது நெறி? கன்பூசிய அறிஞர் ஓக்யூ சொராய், அவர்கள் செயல் அவர்களுக்குள் நியாயமானது, ஆனால் பொதுச்சட்டம் உடைந்தது, ஆகவே மரியாதையோடு செப்புக்கு என்றார். இன்னொரு கன்பூசிய அறிஞர் சத்தோ நவோகத்தா, அசானோவைத் தண்டித்தது அரசு, கீரா அவர்களுக்குப் பகைவனே அல்ல என்று கண்டித்தார். ஹகாகுரேயோ வேறு கோணத்தில் திட்டுகிறது: ஏன் இவ்வளவு தாமதம், இடையில் கீரா நோயில் செத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள், கல்லறையிலேயே உடனே ஏன் சாகவில்லை? அந்த 47 பேரில் 46 பேர் செப்புக்கு செய்தார்கள். விவாதம் நூறாண்டுக்கு மேல் ஓடியது. ஒரே சட்டநூல் இருந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். யமாகா சோக்கோ அக்கோவில் இருந்ததால் அவர் போதனைதான் 47 பேரை உருவாக்கியது என்று சொல்வதுண்டு; அழகான கதைதான், ஆனால் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மரியாதை காட்டாத குடியானவனைச் சாமுராய் நினைத்தால் வெட்டலாம் என்று படங்களில் வருவதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'கிரிசுத்தே கொமென்' என்ற உரிமை ஏட்டில் இருந்தது. ஆனால் வெட்டியவுடன் அலுவலகத்தில் அறிவிக்கவேண்டும், அவமதிப்பு நடந்ததற்குச் சாட்சி வேண்டும், விசாரணை முடியும்வரை வீட்டுக்காவல். சாட்சி நிற்காவிட்டால் வெட்டியவன் தலையே போகலாம். செப்புக்குவும் காலப்போக்கில் சடங்காகச் சுருங்கியது. வெள்ளைத் துணி, தட்டில் காகிதம் சுற்றிய குறுவாள், பின்னால் நிற்கும் 'கைஷாக்கு' எனும் உதவியாளர் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் பல இடங்களில் வாளுக்குப் பதில் விசிறியை வைத்தார்கள். குற்றவாளி அதற்குக் கை நீட்டிய நொடியில் கைஷாக்குவின் வாள் கழுத்தில் இறங்கிவிடும்.

ஜென் விஷயத்தில் சுருக்கமாக: தக்குவான் என்ற ஜென் துறவி வாள் ஆசான் யாக்யூ முனேநோரிக்கு மனத்தைப் பற்றி எழுதியது போன்ற தொடர்புகள் உண்மை. மனம் ஓரிடத்தில் ஒட்டாமல் இருக்கும் பயிற்சிக்கு அங்கிருந்து சொற்கள் வந்தன. ஆனால் விசுவாசம், மரியாதை, வகுப்புக்கடமை என்ற சட்டகம் கன்பூசியச் சிந்தனையுடையது. சாமுராய் குடும்பங்களும் பல பௌத்தப் பிரிவுகளில் பரவியிருந்தன.

கடைசிக் கட்டம்தான் மிகப் பெரிய திருப்பம். 1873-இல் கட்டாய இராணுவச் சேவை, 1876-இல் வாள் அணியத் தடையும் சம்பள ஒழிப்பும். சாமுராய் என்ற வகுப்பு முடிந்தது. முடிந்தபின்தான் நெறி நாடு முழுவதற்கும் ஆனது. 1882-இல் பேரரசர் படைவீரர்களுக்கு விடுத்த ஆணை விசுவாசம், மரியாதை, வீரம், நம்பகம், எளிமை என்று ஐந்தைச் சொன்னது. கேட்டு மனப்பாடம் செய்தவர்களில் பெரும்பாலோர் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள். தலைவன் என்ற இடத்தில் பேரரசர் அமர்ந்தார். தத்துவப் பேராசிரியர் இனோவே தெத்சுஜிரோ 1905-இல் பழைய நூல்களைத் திரட்டித் தொகுதிகளாக வெளியிட்டு இதற்கு ஒரு பரம்பரையைக் கட்டிக்கொடுத்தார். நிதோபேயின் கிறிஸ்தவச் சாயலை அந்தத் தரப்பு ஏற்கவில்லை. 1941-இல் இராணுவ அமைச்சர் தோஜோ ஹிதேக்கி வெளியிட்ட போர்க்களக் கையேடு, உயிரோடு பிடிபட்டு இழிவடையாதே என்றது. அதைத் தொன்மையான சாமுராய் விதி என்று நம்புவோர் உண்டு. 1904–05 போரில் ரஷ்யாவிடம் சிறைப்பட்ட ஜப்பானியர்கள் போர் முடிந்து ஊர் திரும்பியதையும், மேலே சொன்ன தக்கேதா வீரர்களையும் நினைத்தாலே அது எவ்வளவு புதியது என்று தெரியும்.

இதில் ஓர் எல்லையும் உண்டு. நம் கையில் இருப்பவை எழுதத் தெரிந்த, எழுத ஓய்வும் இருந்த மேல்தட்டுச் சாமுராய்களின் தாள்கள். ஆண்டுக்குச் சில பத்துக் கோகு வாங்கி, வீட்டில் குடை ஒட்டிப் பிழைத்த கீழ்ச் சாமுராய் நெறியைப் பற்றி என்ன நினைத்தான் என்பது அவற்றில் குறைவாகவே தெரிகிறது. எனவே எந்தப் புஷிடோ மேற்கோளைப் பார்த்தாலும் ஆண்டைக் கேளுங்கள், எழுதியவன் போரைப் பார்த்தவனா என்று கேளுங்கள், யாருக்குச் சொன்னான் என்று கேளுங்கள்; பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

படிக்க வேண்டுமென்றால் சோவுனின் 21 விதிகளில் தொடங்குங்கள், பத்து நிமிடம் ஆகும். பிறகு முசாஷி. ஹகாகுரேயைக் கடைசியில் எடுங்கள். பரவலாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் பல ஒரு பகுதியைத்தான் தருகின்றன, சாவைப் பற்றிய துணுக்குகள் பளிச்சென்று தெரியும்படி. அவற்றுக்கு நடுவில் இன்னொன்றும் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்: பிறர் முன்னால் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவு, அப்படியும் நிற்காவிட்டால் வாயைத் திறக்காமல் உதட்டை நக்கு, ஒருவருக்கும் தெரியாது.